பத்து நிமிஷ வேலைதானே என்று செய்து கொடுக்காதீர்கள்: கடற்கரை ஊர் செல்போன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நடுவே தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், இராமேஸ்வரம் தீவு, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் செல்போன் கடையும் சர்வீஸ் சென்டரும் கம்ப்யூட்டர் சென்டரும் நடத்தும் அண்ணன்மார், தம்பிமார், காக்காமார் அனைவருக்கும் வணக்கம், ஸலாம்.

உங்கள் கவுண்டரில் நடக்கும் ஒரு பேச்சைப் பற்றியது இந்த மடல். ஒருவர் வருகிறார். அவருடைய போன் சட்டைப் பையில் இருக்கிறது, கையில் இருப்பது வேறொரு போன். ஓரமாக நின்று, கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "தம்பி, வீட்டுல உள்ளவ போனு. இதுக்கு வர்ற வாட்ஸ்அப்பு, காலு எல்லாம் என் போன்லயும் தெரியணும். அவளுக்குத் தெரியக் கூடாது." சில நேரம் ஆளே வருவதில்லை. துபாயிலிருந்தோ கத்தாரிலிருந்தோ சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) ஒருவர் பேசி, "மச்சான் கொண்டு வருவான், பண்ணிக் குடுங்க, காசு அனுப்பிர்றேன்" என்கிறார். கடலுக்குப் போய்வந்து அசந்து தூங்கும் கணவரின் போனை எடுத்துக்கொண்டு பெண்கள் வந்து நிற்பதும் உண்டு.

பத்து நிமிஷ வேலை, கேட்ட காசும் கிடைக்கும். ஆனாலும் செய்து கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். ஏன் கூடாது என்பதையும், வேவு பார்க்கப்படுகிறவர் பயந்துபோய் உங்களிடமே வந்து நின்றால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதையும், தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறோம்.

நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் போனுக்குள் நுழையும் கருவி சாதாரண மனிதர் கைக்கு எட்டுவதில்லை. அரசாங்கங்களுக்கு விற்கப்படும் கருவிகள் வேறு கதை. "நம்பர் போட்டால் போதும், எல்லாம் தெரியும்" என்று விளம்பரம் செய்பவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். வீட்டுக்குள் நடக்கும் வேவுக்கு மூன்று வேண்டும்: போன் கையில் இருக்க வேண்டும், லாக் திறந்திருக்க வேண்டும், செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். முதல் இரண்டும் கணவன் மனைவிக்குள் சுலபமாகக் கிடைத்துவிடும். மூன்றாவது பெரும்பாலும் நீங்கள்தான். நீங்கள் முடியாது என்றால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று நம்புகிறோம்.

தனி ஆப் எதுவும் போடாமலே வேவு பார்க்க வழி இருக்கிறது. அது தொடங்குவது புதுப் போன் விற்கும் நாளில். வாங்க வந்தவருக்கு ஜிமெயில் இருக்காது. கடையில் கூட்டம். நாமே ஒரு ஜிமெயில் உருவாக்கி, பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்து, டப்பாவின் மூடியில் நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மீட்பு எண் கேட்கும் இடத்தில் கூட வந்த கணவரின் நம்பரைப் போடுகிறோம், சில நேரம் கடை நம்பரையே போடுகிறோம். நேரமே இல்லை என்றால் கணவரின் ஜிமெயிலை மனைவி போனிலும் ஏற்றிவிடுகிறோம். அந்த ஒரு கணக்கு வழியாக கூகுள் போட்டோஸில் ஏறும் படங்கள், காண்டாக்ட், குரோமில் தேடியவை, யூடியூபில் பார்த்தவை, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், போன் இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவல் எல்லாம் இன்னொரு போனில் தெரியும். அந்த டப்பா வீட்டு பீரோவின் மேல் வருஷக்கணக்கில் கிடக்கும், யார் எடுத்துப் பார்த்தாலும் பாஸ்வேர்டு கையில். வேவு பார்க்கும் எண்ணமே இல்லாமல் நம் கையால் நடப்பது இது. ஆகவே இதை முதலில் நிறுத்த வேண்டும். ஆளுக்கு ஒரு கணக்கு. பாஸ்வேர்டை வாங்குகிறவரே தட்டச்சு செய்யட்டும், நாம் திரும்பி நிற்போம். மீட்பு எண் அவருடைய சொந்த சிம்மாக இருக்கட்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மாக்களுக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

அடுத்தது வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'. ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை சேர்க்கலாம். கணினித் திரையில் தெரியும் கியூஆர் கட்டத்தை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் போதும், அண்மையில் பேசியவையும் சேர்ந்து அந்தப் பக்கம் போய்விடும். முன்பு முதன்மைப் போனில் நெட் இருந்தால்தான் மறுபக்கம் ஓடும். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. முதன்மைப் போனை 14 நாள் தொடாமல் வைத்தால் இணைப்பு தானாக அறுகிறது. தினமும் வாட்ஸ்அப் பார்க்கிற பெண்ணுக்கு அது அப்படி அறாது. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் ஓடாததால் வீடுகளில் ஐஎம்ஓ, போட்டிம் போன்ற கால் பேசும் ஆப்புகளும் இருக்கும். அவற்றிலும் வேறு எங்கெல்லாம் உள்நுழைந்திருக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் நிஜமான வேவு ஆப். பிளே ஸ்டோரில் இருக்காது, ஏ.பி.கே. கோப்பாக, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பாக வரும். போடும்போது, கேடான ஆப்புகளைக் கண்டுபிடிக்கும் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும், 'தெரியாத மூலங்கள்' அனுமதி கேட்கும், பிறகு அக்சசிபிலிட்டி (திரையில் இருப்பதைப் படிக்கும் அனுமதி), நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்கும் அனுமதி), பேட்டரி விலக்கு என்று ஒவ்வொன்றாக வாங்கும். கடைசியில் ஐகானை மறைத்துக்கொண்டு 'சிஸ்டம் சர்வீஸ்', 'வைஃபை' போன்ற ஒரு பெயரில் உட்காரும். பிளே புரொடெக்டை அணைத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பது, பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தி வைப்பதற்குச் சமம். அதே போனில்தான் அந்தப் பெண் ஜிபே போடுகிறாள். மகளிர் குழுக் கணக்கின் ஓ.டி.பி.யும் அதே போனுக்குத்தான் வருகிறது. நாளை வேறொரு மோசடி ஏ.பி.கே. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்தால் தடுக்க அங்கே எதுவும் இருக்காது.

கேமராவையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வீட்டில் சுழலும் வைஃபை கேமரா மாட்டுவது இப்போது சாதாரணம். வாசலில், சந்தில், மாடிப்படியில் மாட்டினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. கூடத்தில் மாட்டி, படுக்கையறைக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்து, மைக்கையும் திறந்து வைத்தால், அந்த வீட்டுக்குள் ஒரு பெண் தன் தாயோடு பேசும் பேச்சும் வெளியே போகிறது. விருந்துக்கு வந்த மதினியும் பக்கத்து வீட்டு லாத்தாவும் சேர்ந்தே படமாகிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். தொழில் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. மாட்டப் போன பையன் அவசரத்துக்குத் தன் போனில் தன் கணக்கில் கேமராவைச் சேர்த்து, அங்கிருந்து வீட்டுக்காரருக்குப் 'பகிர்ந்து' விட்டு வந்துவிடுகிறான். அப்படிச் செய்தால் கேமராவின் உரிமையாளர் அந்தப் பையன்தான், வீட்டுக்காரர் விருந்தாளி. பையன் வேலையை விட்டுப் போனாலும் படம் அவன் போனில் ஓடும். ஏற்கெனவே அப்படி மாட்டியவற்றை ரீசெட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, குரல் அறிவிப்பு வந்ததும் வீட்டில் இருப்பவரின் கணக்கில் புதிதாகச் சேர்த்துக் கொடுங்கள். மைக்கை அணைத்து வையுங்கள். படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் இடம் பக்கம் கேமரா மாட்டச் சொன்னால் கருவிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

வீட்டுக் கணினிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரோமில் யாருடைய கணக்கு உள்நுழைந்திருக்கிறது, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க் போன்றவை ஆள் இல்லாமலே திறக்கும் பாஸ்வேர்டோடு இருக்கின்றனவா, கீபோர்டு வயருக்கும் சி.பி.யு.வுக்கும் நடுவே தட்டுவதைப் பதிவு செய்யும், விரல் நீளமான ஒரு துண்டு செருகியிருக்கிறதா. இந்த மூன்றையும் பாருங்கள்.

"சந்தேகம் தீர்ந்தா நல்லதுதானே அண்ணே, குடும்பம் நல்லா இருக்கும்ல" என்று சிலர் கேட்பீர்கள். இந்தக் கருவிகள் சந்தேகத்தைத் தீர்ப்பதில்லை. அவை காட்டுவது அரைகுறை. தொழில் தெரிந்த நமக்கு அந்த அரைகுறை எங்கிருந்து வருகிறது என்று தெரியும், வாங்கிப் போனவருக்குத் தெரியாது.

இடம் காட்டும் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது. போன் அப்போது பக்கத்திலுள்ள வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்ணை வைத்து, "இந்த ரவுட்டர் இன்ன இடத்தில் இருப்பது" என்ற பழைய பதிவிலிருந்து இடத்தைக் கணிக்கும். சென்னை மண்ணடியில் கடை வைத்திருந்தவர் அங்கிருந்த ரவுட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து கீழக்கரை வீட்டில் மாட்டுகிறார் என்று வையுங்கள். சுற்றிலும் வேறு வைஃபை இல்லாத வீடாக இருந்தால், அந்தப் பதிவு புதுப்பிக்கப்படும் வரை அந்த வீட்டுப் போன் மண்ணடியில் இருப்பதாகக் காட்டக்கூடும். மனைவி அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். துபாயில் இருக்கிற கணவனின் திரையில் அவள் 500 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையில் நிற்பாள். அந்த இரவு வரும் போன் காலில் அவள் என்ன சொல்லி நம்ப வைப்பாள்? வைஃபையும் இல்லாமல் டவரை மட்டும் வைத்துக் கணித்தால் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும். பாம்பனில் நிற்கிறவரின் புள்ளி கடலுக்குள் தெரியும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி வருவதும் நமக்குத் தெரிந்ததுதான். திரையில் தெரியும் புள்ளி இரண்டு மணி நேரம் பழையதாகவும் இருக்கலாம். பக்கத்தில் சின்ன எழுத்தில் நேரம் போட்டிருக்கும், கோபத்தில் இருப்பவர் அதைப் படிப்பதில்லை.

வாட்ஸ்அப் செய்திகளைப் பதிவு செய்யும் ஆப்புகளில் பல நோட்டிஃபிகேஷனைப் படித்துத்தான் எடுக்கின்றன. நோட்டிஃபிகேஷன் வருவது வரும் செய்திக்கு மட்டும், போகும் செய்திக்கு வராது. ஆகவே பதிவில் ஒருபக்கப் பேச்சுதான் இருக்கும். "நாளைக்கு 11 மணிக்கு வர்றீங்களா, ரெடியா இருக்கு" என்று ஒரு புது நம்பரிலிருந்து வந்தது பதிவாகும். "சரிங்க, ரெண்டு ஜாக்கெட்டும் தச்சாச்சா" என்று அவள் அனுப்பிய பதில் பதிவாகாது. திறந்திருக்கும் உரையாடலுக்கு நோட்டிஃபிகேஷன் வராததால் நடுவில் சில வரிகளும் விழுந்துவிடும்.

இன்னொன்று, நம் ஊர்களில் அதிகம் ஓடும் பட்ஜெட் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்புகளைத் தாமாகவே மூடிவிடும். வேவு ஆப்பும் மூடப்படும். அந்தப் பக்கம் பார்ப்பவருக்கு மதியம் 2 முதல் 5 வரை எதுவும் வராது. "மூணு மணி நேரம் எங்க போன, ஏன் ஆஃப் பண்ணின?" என்று கேள்வி வரும். அவள் போனை ஆஃப் பண்ணவே இல்லை.

எடுத்த தகவல் கணவன் கண்ணுக்கு மட்டும் போவதும் இல்லை, முதலில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. இந்தக் கம்பெனிகளின் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. போலந்தைச் சேர்ந்த லெட்மீஸ்பை 2023 ஜூனில் ஹேக் செய்யப்பட்டு அந்த ஆண்டே மூடப்பட்டது. அமெரிக்காவின் பிசிடாட்டில்டேல் 2024 மே மாதம் அதே கதியில் முடிந்தது. ஸ்பைஃபோன் என்ற கம்பெனியை வேவுத் தொழிலிலிருந்தே அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021 செப்டம்பரில் தடை செய்தது. 2025-இல் கேட்வாட்ச்ஃபுல் என்ற ஆண்ட்ராய்டு ஆப்பின் தகவல் தளம் வெளியே தெரிந்தது: காசு கொடுத்து வாங்கிய 62,000-க்கும் மேற்பட்டோரின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் அப்படியே எழுத்தாக இருந்தன, வேவு பார்க்கப்பட்ட சுமார் 26,000 போன்களின் தகவலும் இருந்தது. அந்தப் போன்கள் அதிகம் இருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மனைவியின் போட்டோவை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று காவல் வைக்கிறவர், அதே போட்டோவைத் தன் காசில் அந்தச் சர்வருக்கு அனுப்புகிறார். கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தைச் சொல்வதைவிட இது உறைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம், சிக்கிக்கொள்வது நீங்களாகவும் இருக்கும் என்பதால். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு அனுமதியின்றிக் கணினியில் நுழைவதையும் கேடு தரும் நிரலை ஏற்றுவதையும் சொல்கிறது. போனும் அதில் அடங்கும். அதை நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி இருக்கிறது. உங்களுக்கான பிரிவு 84பி: குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அந்தக் குற்றத்துக்குரிய அதே தண்டனை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் இணையத்தையும் மின்னஞ்சலையும் பிற மின்னணுத் தொடர்புகளையும் பயன்படுத்துவதை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகச் சொல்கிறது. முதல் தடவைக்கு 3 ஆண்டு வரை, மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை. கணவனுக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. "போன் வாங்கிக் கொடுத்தது நான், பில் என் பேர்ல" என்பார்கள். பில் போனுக்குத்தான். அதிலிருக்கும் வாட்ஸ்அப் கணக்கும் வங்கிக் கணக்கும் மெயிலும் அவளுடையவை. அமீரகத்திலிருந்து கேட்பவருக்கு அங்குள்ள 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டத்தை நினைவுபடுத்துங்கள். அடுத்தவரின் அந்தரங்கத்தில் மின்னணு வழியில் நுழைந்தால் அங்கே சிறையும் உண்டு, 1.5 லட்சம் திர்ஹமிலிருந்து அபராதமும் உண்டு.

"கேஸுக்கு ஆதாரம் வேணும்" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் நம் மாவட்டத்திலிருந்தே போன வழக்கு ஒன்று உண்டு. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த மணமுறிவு வழக்கில் மனைவியின் கால் பட்டியலைக் கணவர் தாக்கல் செய்தார், மனைவி அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்குள்ளும் உண்டு, அதை மீறி எடுத்ததை ஆதாரமாக ஏற்க முடியாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சை மணமுறிவு வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. ஆகவே "கோர்ட்டில் செல்லவே செல்லாது" என்று நீங்கள் யாரிடமும் அடித்துச் சொல்ல வேண்டாம். அந்தத் தீர்ப்பு பேசியது, ஒருவர் தாமே பேசிப் பதிவு செய்த உரையாடலை வழக்கில் ஏற்பதைப் பற்றி. அடுத்தவர் போனில் வேவு ஆப் ஏற்றிக் கொடுக்க அது கடைக்காரருக்கு உரிமம் தரவில்லை. ஆதாரம் வேண்டுமென்றால் வக்கீலிடம் போகச் சொல்லுங்கள். கால் பட்டியலைக் கோர்ட் வழியாகக் கேட்டு வாங்க முறை இருக்கிறது.

இனி, வேவு பார்க்கப்படுகிறவர் உங்களிடம் வரும்போது. "நான் வீட்டுல பேசுறதெல்லாம் அவங்களுக்குத் தெரியுது அண்ணே" என்று ஒரு பெண் சொன்னால் சிரிக்காதீர்கள், மனப்பிரமை என்று சொல்லாதீர்கள். போனை அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசவும் வேண்டாம், மைக் திறந்திருக்கலாம். டெம்பர் கிளாஸ் மாற்றுவது போல வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். முதல் கேள்வி: "இப்ப எதையாவது எடுத்துவிட்டா உங்களுக்கு வீட்ல பிரச்சினை வருமா?" வேவு ஆப் நின்றால் அந்தப் பக்கம் உடனே தெரியும். அடி விழும் வீடு என்றால் அன்று இரவே விழும். எடுப்பதா, எப்போது எடுப்பது என்பது அவர் முடிவு. நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள். பிறகு கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதி: எந்தெந்தச் சாதனத்தில் கணக்கு திறந்திருக்கிறது, மீட்பு எண் யாருடையது, மீட்பு மெயில் யாருடையது. பிறகு மேப்ஸில் இடப் பகிர்வு, போட்டோஸில் பார்ட்னர் பகிர்வு (படங்கள் இன்னொருவருக்குத் தானாகப் போகும் வசதி). பிறகு பிளே ஸ்டோரில் மேல் மூலைப் படத்தைத் தொட்டு, பிளே புரொடெக்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் அதுவே பெரிய தடயம். அதன்பிறகு செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் அனுமதி, 'தெரியாத ஆப் நிறுவும்' அனுமதி ஆகிய நான்கு பட்டியல்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் பெயரை அடித்தால் வந்துவிடும். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் பிரைவசி டேஷ்போர்டில் கடந்த 24 மணி நேரத்தில் மைக், கேமரா, இடம் மூன்றையும் எந்த ஆப் தொட்டது என்று நேரத்தோடு தெரியும். ஐபோனில் ஐ.ஓ.எஸ். 16 முதல் 'சேஃப்டி செக்' என்ற பகுதி இருக்கிறது, யாருடன் எது பகிரப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டும். கடைசியாகக் கால் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங், சிம் யார் பெயரில் என்ற கேள்வி. சிம் கணவர் பெயரில் இருந்தால் டூப்ளிகேட் சிம் அவர் வாங்க முடியும், ஓ.டி.பி. அங்கே போகும்.

எது கண்ணில் பட்டாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அந்தப் படம் கூகுள் போட்டோஸில் ஏறி, வேவு பார்ப்பவர் திரையிலேயே போய் நிற்கலாம். அந்தப் பெண் நம்பும் தோழியின் போனாலோ அக்காவின் போனாலோ திரையைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஆப்பின் பெயரும் நிறுவிய தேதியும் தெரிய வேண்டும்.

எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னால், போனை அழிப்பதற்கு முன் வேறொரு பாதுகாப்பான போனில் புது ஜிமெயில் உருவாக்கி, புதுப் பாஸ்வேர்டு வைத்து, தேவையான படங்களையும் நம்பர்களையும் அதற்கு மாற்றுங்கள். ரீசெட் அடிக்கும்போது நம் பையன்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பழைய கணக்கைச் செட்டிங்ஸில் நீக்காமல், பட்டனை அழுத்தி ரெகவரி வழியாக அழித்துவிடுவார்கள். போன் திரும்ப எழுந்ததும், ரீசெட் செய்த போனை மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கும் எஃப்.ஆர்.பி. லாக் பழைய ஜிமெயிலைக் கேட்கும். அது கணவருடையதாகவோ, நாலு வருஷத்துக்கு முன் கடையில் போட்ட மறந்துபோன கணக்காகவோ இருந்தால் அந்தப் பெண்ணின் கையில் போன் கல்லாகிவிடும், அல்லது கணவரிடமே போய்க் கேட்க வேண்டி வரும். ஆகவே கணக்கை நீக்கிய பிறகே ரீசெட். ஏற்றும்போது பழைய பேக்கப்பிலிருந்து ஆப்புகளைத் திரும்பக் கொண்டு வராதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பின் 6 இலக்க எண்ணை அவரே வைத்துக்கொள்ளட்டும். லாக் பேட்டர்ன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் இவ்வளவு வேலையும் வீண். அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

அடி, மிரட்டல், படத்தை வெளியிடுவேன் என்ற பேச்சு இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் எடுக்கும். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-இல் கேட்கலாம். சைபர் புகாருக்கு 1930. இந்த மூன்று எண்களையும் கடை ரசீதின் பின்பக்கம் அச்சடிக்கலாம். ஆனால் அவர் கையில் தனிச் சீட்டாகக் கொடுக்காதீர்கள், பையில் அது இருப்பதே சண்டைக்குக் காரணமாகிவிடும்.

ஒருவர் இருக்குமிடம் இன்னொருவருக்குத் தெரிவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவர் சிக்னல் இருக்கும்வரை மேப்ஸில் இடத்தைப் பகிர்ந்துவிட்டுப் போனால் கரையில் இருப்பவளுக்கு நிம்மதி. இரவு பஸ்ஸில் மதுரையிலிருந்து வரும் மனைவி பகிர்ந்தால் கணவனுக்கு நிம்மதி. அதற்கு வசதி போனிலேயே இருக்கிறது: ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று நேரம் குறிக்கலாம், பகிர்வதும் தெரியும், நிறுத்தவும் முடியும். வேவு கேட்டு வருகிறவரிடம் இதைக் காட்டுங்கள். "அவங்களையும் கூட்டிட்டு வாங்கண்ணே, ரெண்டு பேரு போன்லயும் போட்டுத் தர்றேன்" என்று சொல்லுங்கள். சம்மதித்து இருவரும் வந்தால் காசு வாங்காமல் செய்து கொடுங்கள். வராமலே போனால் அவருக்கு வேண்டியது வேறு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கடையின் பழக்கம் இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கேட்கிறோம். டிஸ்ப்ளே, சார்ஜிங் பின் வேலைக்குப் பேட்டர்ன் கேட்டு ரசீதில் எழுதி வைப்பதை விடுங்கள். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் சொந்தக்காரர் வந்து திறக்கட்டும். சாம்சங் புதிய போன்களில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது, அதைப் போட்டுத் தரச் சொன்னால் படமும் செய்தியும் நம் கண்ணில் படாமலே வேலை முடிந்துவிடும். இரண்டாவது, போனின் சொந்தக்காரர் நேரில் நின்று லாக் திறக்காமல் எந்த ஆப்பும் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுக்காரர்தானே", "தம்பிதானே", "காக்கா சொல்லி அனுப்பினாரே" என்பதற்கெல்லாம் ஒரே பதில் இருந்தால் உங்கள் பையனுக்கும் சொல்வது சுலபம். தெரிந்த முகத்துக்கு முன்னால் மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பது தெரியும். அதனால்தான் கவுண்டருக்கு மேலே ஒட்டி வைக்க ஒரு வாசகம் தருகிறோம். எழுதி ஒட்டிவிட்டால் அதைக் கைகாட்டினால் போதும்:

"போனின் சொந்தக்காரர் நேரில் வந்து லாக் திறந்தால் மட்டுமே ஆப், வாட்ஸ்அப், ஜிமெயில் வேலைகள் செய்யப்படும். அடுத்தவர் போனைக் கண்காணிக்கும் வேலை இங்கே செய்வதில்லை. உங்கள் போனில் யாராவது கண்காணிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல இங்கே கட்டணம் இல்லை."

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் போன் பழுது பார்ப்பவர்களும் கணினி கற்றுக் கொடுப்பவர்களும்